வெள்ளை நரம்பு

மேல்பிரிவு லயம், நமுனுகுல
21.01.2024

அன்புத் தம்பி இந்திரஜித்துக்கு,

அக்கா பிரஷாந்தினி எழுதுவது. பொங்கல் முடிந்தது. நீ அங்கே பனியில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். நானும் இவரும் சுகம். அப்பா சுகமில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போனில் மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் உனக்கு லைன் கட்டாகிவிட்டது. காகிதத்துக்கு அந்த வருத்தம் வராது. அதனால் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிட்டு, தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதுளையில் நெஞ்சுக் கிளினிக்குக்கு அப்பாவைக் கூட்டிப் போனேன். டாக்டர் கமலாதேவி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இது காசம் இல்லை பிள்ளை. கருங்கல்லுக்குள்ள இருக்கிற படிகத் தூசு. உள்ளுக்க போய்ச் சுவாசப்பையைத் தழும்பாக்கிப் போட்டுது. இனி இது திரும்பாது" என்றார். அப்பாவோடு கல்குழியில் இருபது வருஷம் துளை போட்ட வாஹித் நானாவுக்கும் இதே படம், இதே தழும்பு.

கம்பனிக்காரர்கள் ஒரே பேச்சாக நிற்கிறார்கள். நாங்கள் உடைப்பது டொலமைட், தேயிலைக்குப் போடுகிற சுண்ணாம்புக் கல், அதன் தூசில் இந்த நோய் வராது, பீடி குடித்திருப்பார்கள் என்கிறார்கள். அப்பா பீடியைத் தொட்டதில்லை என்று உனக்குத் தெரியும். டொலமைட்டை ஊடறுத்துக்கொண்டு ஒரு வெள்ளை நரம்பு அந்தக் குழியில் ஓடியது என்றும் உனக்குத் தெரியும். டொலமைட்டில் ஒரு வாரம் தாங்குகிற துளைக்கம்பி அந்த நரம்பில் ஒரே நாளில் மொட்டையாகும் என்று எல்லாத் துளைக்காரருக்கும் தெரியும். அந்தக் கல்லைக் கம்பனி ரோட்டுக்கு உடைத்து விற்றதும் தெரியும்.

தொழில் அலுவலகத்தில் மே மாதம் விசாரணை. இது வேலையால் வந்த நோய் என்று தீர்ப்பு வந்தால் தூசு பறக்காமல் தண்ணீர் விட்டுத்தான் துளை போட வேண்டும், நல்ல மாஸ்க் கொடுக்க வேண்டும். தம்பி, அப்பா பிடித்த அதே மெஷினைத்தான் இப்போது உன் மச்சான் லிங்கம் பிடிக்கிறார். அப்பாவுக்குப் போனது போய்விட்டது. நான் கேட்பது இவருக்காக.

நீ கல்லுக்குப் படித்தவன். யூனிவர்சிற்றிப் படிப்புக்காக அந்தக் குழியில் இரண்டு மாதம் நின்றவன். அந்த நரம்பு கருங்கல்தான் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேறொன்றும் கேட்கவில்லை.

உன் சுகத்தை வேண்டும் அக்கா,
பிரஷாந்தினி

சப்போரோ, ஜப்பான்
18.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே இடுப்பளவு பனி. நான் சுகம். அப்பாவை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை. ஆவி பிடிக்கச் சொல்லுங்கள். மச்சானை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

நரம்பைப் பற்றிக் கேட்டீர்கள். அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள், அவருக்குப் பிடிக்கும். நம் ஊரில் கடினமான கல் எல்லாவற்றையும் கருங்கல் என்றுவிடுகிறோம். நான் ஆராய்கிற கிரனைட், மலைக்கு அடியில் உருகி, அடியிலேயே ஆறிய கல். ஏறத்தாழ ஐம்பத்தைந்து கோடி வருஷத்துக்கு முன்னால் இலங்கை, தென்னிந்தியா, மடகஸ்கார், ஆபிரிக்கா எல்லாம் ஒன்றோடொன்று முட்டின. முட்டிய நிலம் ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. முப்பத்தைந்து கிலோமீட்டர் தடிப்பாக இருந்த தரை அறுபது, எழுபது ஆனது. மேலே இமயம் மாதிரி மலை எழும்பியது. அதைவிடப் பெரிய பங்கு கீழே புதைந்தது.

கல்லுக்குள் கொஞ்சம் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் உண்டு. அவை சிதைந்து சிதைந்து சூட்டை விடும். தடித்த தரைக்குள் அந்தச் சூடு, கம்பளிக்குள் மாதிரி, வெளியே போக வழியில்லாமல் சேரும். எண்ணூறு பாகை நெருங்கும்போது கல்லில் இருக்கும் மைக்கா உடைந்து, தனக்குள் பூட்டி வைத்திருந்த நீரை விட்டுவிடும். அப்போது கல் உருகத் தொடங்கும். முழுக் கல்லும் உருகாது. குவார்ட்ஸ் என்கிற படிகம், ஃபெல்ட்ஸ்பார் போன்ற எளிதில் உருகுகிற பங்கு மட்டும் சொட்டுச் சொட்டாகக் கூடி, நரம்பாகி, பாரம் குறைந்ததால் மேலே ஏறும். அது ஆறினால் கிரனைட். கீழே தங்குவது சிவப்பு மணிகள் நிறைந்த, வறண்ட, கனத்த கல். சூடு தரும் யுரேனியத்தில் பெரும் பங்கும் குழம்போடு மேலே போய்விடுவதால் அடித்தளம் மெல்ல ஆறி உறுதியாகிவிடும். கண்டங்களுக்கு மேல்தளம், அடித்தளம் என்று இரண்டு வந்ததும், அவை இத்தனை காலம் நிலைத்து நிற்பதும் இப்படித்தான். பிறகு மேலே நின்ற மலை முழுவதும் மழையில் கரைந்து கடலுக்குப் போய்விட்டது. நமுனுகுலையில் நாம் மிதித்து நடப்பது அந்தப் பழைய மலையின் அடிவயிறு.

நீங்கள் கேட்ட பத்திரம் பற்றி. ஒரு மாதிரிக் கல்லைப் பரிசோதிக்காமல் ஆய்வாளன் எதையும் உறுதியாக எழுதக் கூடாது. நரம்பிலிருந்து ஒரு துண்டு அனுப்புங்கள், பார்க்கலாம்.

எல்லோர் நலத்துக்கும் பிரார்த்திக்கும்,
இந்திரஜித்

மேல்பிரிவு லயம்
10.03.2024

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பாய். நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு தடவை வாசித்தேன். தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு பிள்ளை மாதிரி கேட்டார். "அடிவயித்துலயா நாங்க துளை போட்டோம்? அதான் அந்தக் கல்லு அம்புட்டு மொரண்டு புடிச்சிச்சு" என்றார். கொஞ்ச நேரம் இருமலையே மறந்துவிட்டார். அதற்கு உனக்கு நன்றி.

உருகின நல்ல பங்கு மேலே ஏறிப் போய்விடும், வறண்டது கீழே தங்கிவிடும் என்று எழுதியிருந்தாய். இதைத் தெரிந்துகொள்ள ஜப்பானுக்குப் போகத் தேவையில்லை தம்பி. நான் பிள்ளைமடுவத்தில் இருந்துகொண்டே சொல்லியிருப்பேன்.

துண்டு கேட்கிறாய். தொழில் அலுவலகத்து நோட்டீஸ் வந்த அடுத்த கிழமையே கம்பனி மெஷினைக் கொண்டுவந்து நரம்பு தெரிந்த பக்கத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு மண்ணைக் கொட்டிவிட்டது. விசாரணை அதிகாரி வந்து பார்த்தபோது அவருக்குத் தெரிந்தது மண்ணும் டொலமைட்டும்தான்; மண்ணைத் தோண்டிப் பார்க்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றாராம். மச்சான் ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாலும், அது எங்கிருந்து பொறுக்கினது என்று கேட்பார்களாம். ரோட்டுக்குள் போன கல்லைத் தோண்டினாலும் அதே கேள்விதான். தொழிற்சங்கத்து வக்கீல் சொல்கிறார், அந்தக் கல்லை அந்த இடத்திலேயே வைத்துப் பார்த்த படித்த ஆள் ஒருத்தர் வேண்டும் என்று. படித்த ஆள், பார்த்த ஆள், இரண்டும் நீ ஒருத்தன்தான்.

ஒரு பக்கம் போதும். மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளாதே.

அக்கா
பிரஷாந்தினி

சப்போரோ
14.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். பால் பொங்கினீர்களா? இங்கே பனி கரைந்து ரோடெல்லாம் சேறு. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கு இரவில் மூச்சு எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுதுங்கள்.

அப்பா கேட்டு மகிழ்ந்தார் என்றதால் இன்னும் கொஞ்சம். கிரனைட்டுக்குள் சிர்க்கோன் என்று ஒரு மணி இருக்கிறது. உப்புத் தூளைவிடச் சிறியது. சுற்றியுள்ள கல் உருகினாலும் அது முழுக்கக் கரையாது. நடுவில் பழைய வயதை வைத்துக்கொண்டு, வெளியே புதிய வளையம் ஒன்றை வளர்த்துக்கொள்ளும். நான் அளந்த ஒரு மணியில் நடுப்பகுதிக்கு வயது இருநூறு கோடி, வளையத்துக்கு ஐம்பத்தைந்து கோடி. அதாவது கிரனைட் புதிதாகப் பிறந்ததில்லை, பழைய தரையே உருகி மறுபடி இறுகியது. டொலமைட் போன்ற பளிங்குவகைக் கல் அந்தச் சூட்டில் உருகாது, பிசைந்த மாவு மாதிரி வளையும். அதற்குள் கிரனைட் குழம்பு புகுந்தால் இரண்டும் தொடுகிற ஓரத்தில் பச்சைக் கல் ஒன்று உண்டாகும். நம் குழியின் கிழக்குச் சுவரில் இரண்டு விரல் அகலத்துக்கு அந்தப் பச்சை நன்றாகத் தெரியும்.

பத்திரம் பற்றி நிறைய யோசித்தேன். நான் அங்கே நின்று பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அத்தனை நாளைக்கு முன்னால் பார்த்ததை நினைவில் வைத்து எழுதினால் அது சாட்சியம் ஆகாது. இலங்கையில் இதற்கென்று உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்பதுதான் முறை. நீங்கள் என்னைத் தப்பாக எடுக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

அன்புடன்,
இந்திரஜித்

மேல்பிரிவு லயம்
19.05.2024

இந்திரஜித்,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. மே பதினான்காம் தேதி முதல் விசாரணை. அதிகாரி இரகுநாதன் என்று ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையாகக் கேட்டார். கம்பனி வக்கீல் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வைத்தார். 2012ஆம் ஆண்டு ஆய்வு அறிக்கை. "குழி முழுவதும் டொலமைட் பளிங்கு. கிரனைட் ஊடுருவல் எதுவும் காணப்படவில்லை." எழுதியவர் பெயரையும் சத்தமாக வாசித்தார். ராமாமிர்தம் இந்திரஜித்.

வக்கீல் அப்பாவைப் பார்த்து, "ஐயா, இது உங்க மகன்தானே?" என்று கேட்டார். அப்பா எழுந்து நின்று, "ஆமாங்க" என்றார். அதைப் பெருமையாகத்தான் சொன்னார். பெயரைத் தவிர வேறொன்றும் அவருக்கு விளங்கியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

நான் முட்டாள். உனக்கு நினைவில்லையாம், ஆனால் கிழக்குச் சுவராம், இரண்டு விரல் அகலமாம், பச்சைக் கல்லாம். போன கடிதத்தில் நீயே எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் அறிக்கையில் எழுதியது என்ன? எனக்குக் கல் பாடம் வேண்டாம். இந்த ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்.

பிரஷாந்தினி

மேல்பிரிவு லயம்
28.07.2024

இந்திரஜித்,

இரண்டு மாதமாகத் தபால்காரர் என்னைக் கண்டதும் தூரத்திலேயே கையை விரிக்கிறார்.

வாஹித் நானா புதன்கிழமை மௌத்தாகிவிட்டார். கடைசிப் பத்து நாள் படுக்கவே முடியவில்லையாம், உட்கார்ந்தபடியே இருந்திருக்கிறார். நானும் இவரும் ஜனாஸா அடக்கத்துக்குப் பதுளைக்குப் போனோம். அவர் மனைவி ஸித்தி ஸுபைதா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கட தம்பி படிச்ச புள்ள. அவர் எழுதித் தருவார்தானே?" என்று கேட்டார். அறிக்கை விஷயம் அவருக்குத் தெரியாது. நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அக்கா

சப்போரோ
25.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. வாஹித் நானா எனக்குத் துளைக்கம்பி பிடிக்கக் காட்டித் தந்தவர். செய்தியை வாசித்த அன்று வேலைக்குப் போகவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில். பார்த்தேன். அளந்தேன். நரம்பு நான்கு அடி அகலம். அறிக்கையின் முதல் பிரதியில் எழுதியும் இருந்தேன். கம்பனி எஞ்சினியர் வாசித்துவிட்டுக் கூப்பிட்டார். கிரனைட் என்று போட்டால் லைசன்ஸ் மாறும், குழியை மூட வேண்டி வரும், அறுபது பேருக்கு வேலை போகும், உன் அப்பாவும் அதில் ஒருவர் என்றார். பக்கத்தை மாற்றினால் நல்ல சிபாரிசுக் கடிதம் தருகிறேன் என்றும் சொன்னார். மாற்றினேன். அது யாருடைய மூச்சிலும் போய் நிற்கும் என்று இருபத்து மூன்று வயதில் எனக்குத் தோன்றவில்லை. மார்க் போட்டு அலுமாரியில் வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அந்தச் சிபாரிசில்தான் ஜப்பான் வந்தேன்.

அது மட்டுமில்லை. வரும்போது அப்பா இரண்டு உரச்சாக்கில் நரம்புக் கல்லை நிரப்பி, பதுளை பஸ்வரை தோளில் சுமந்து வந்து ஏற்றிவிட்டார். நான் வயது அளந்த சிர்க்கோன் அந்தச் சாக்கில் இருந்ததுதான். எனக்குக் கலாநிதிப் பட்டம் தந்ததும் அந்தக் கல்தான். ஆனால் ஆய்வில் உண்மையான இடத்தைப் போட்டால் பழைய அறிக்கை பொய் என்று ஆகிவிடும். அதனால் வெலிமடை ரோட்டுக்கு மலையை வெட்டிய ஓர் இடத்தில் எடுத்ததாக எழுதினேன். இப்போது உங்களுக்கு நான் பத்திரம் தந்தால் இரண்டு பொய்யும் ஒன்றாக வெளிவரும். எடுத்த இடத்தைப் பொய்யாக எழுதினவனுக்கு எங்கள் தொழிலில் இடம் கிடையாது.

மார்ச்சில் என் ஒப்பந்தம் நிரந்தரமாகும். அதற்குப் பிறகு என்றால் ஏதாவது செய்யலாம். விசாரணைக்குத் தவணை கேளுங்கள் அக்கா. உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் தம்பி,
இந்திரஜித்

மேல்பிரிவு லயம்
15.09.2024

இந்திரஜித்துக்கு,

இறுதி விசாரணை நவம்பர் ஐந்து. தவணை கேட்க மாட்டேன். இவர் நாளைக்கும் துளை போடப் போகிறார். மார்ச் வரைக்கும் மூச்சை உள்ளே இழுக்காதீர்கள் என்று அவரிடம் சொல்லவா?

இவ்வளவு நாளும் உன் கடிதங்களில் கல் பற்றிய பங்கை மட்டும் அப்பாவுக்கு வாசிப்பேன். இதை ஒரு சொல் விடாமல் வாசித்தேன். வேண்டுமென்றுதான் வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் கடிதத்தைத் தரச் சொல்லித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். 

இனி நீ போன் பண்ணினாலும் நான் பேசப்போவதில்லை. எழுதுவதானால் அந்த ஒரு பக்கத்தை எழுது.

பிரஷாந்தினி

சப்போரோ
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள். மூன்று நாள் போன் பண்ணினேன், நீங்கள் எடுக்கவில்லை. நியாயம்தான்.

பத்திரத்தை எழுதிவிட்டேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு பக்கம். நரம்பின் அகலம், போகிற திசை, அதில் இருக்கும் குவார்ட்ஸின் அளவு, அறிக்கையை நான் மாற்றியது, கற்களை எடுத்த உண்மையான இடம், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வழக்கு அப்பா பெயரில் இருப்பதால் அவர் பெயருக்கே அவசரப் பதிவுத் தபாலில் இன்று காலை அனுப்பினேன். இந்தக் கடிதம் சாதாரணத் தபாலில் பின்னால் வரும். பத்திரத்துக்குப் பிரதி வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருந்தால் ராத்திரி எடுத்து வாசித்து மனம் மாறிவிடுவேன் என்று பயம்.

தபால்கந்தோர் படியில் இரண்டு தடவை ஏறி இறங்கினேன். ஆனால் திரும்பி வரும் வழியில் பல மாதத்துக்குப் பிறகு பசித்தது. மச்சானிடம் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
இந்திரஜித்

மேல்பிரிவு லயம்
06.11.2024

மகன் இந்திரஜித்துக்கு அப்பா ராமாமிர்தம் எழுதிக்கிறது.

நீ நல்லா இருக்கணும். எனக்கு ரெண்டு வரி எழுதுனா மூச்சு வாங்குது. விட்டு விட்டுத்தான் எழுதுறேன். எழுத்துப் பிழைய மன்னிச்சுக்க.

ஒன் தபாலு தீபாவளிக்கு ரெண்டு நாள் முந்தி வந்துச்சு. அக்கா மடுவத்துக்குப் போயிருந்தா. நாந்தான் கையெழுத்துப் போட்டு வாங்குனேன். தமிழ்ல இருந்தத ரெண்டு தடவ வாசிச்சேன். அப்புறம் அடுப்புல போட்டுட்டேன்.

நேத்து விசாரணையில அந்த அதிகாரி தொரை கேட்டாரு, அந்தக் குழியில கருங்கல்லு நரம்பு இருந்துச்சான்னு. இல்லீங்கன்னு சொல்லிட்டேன். எம் மகன் எழுதுனது சரிதாங்கன்னு சொல்லிட்டேன்.

நீ அந்தப் பக்கத்த மாத்துனது எனக்கு அப்பவே தெரியும். எஞ்சினியரு எங்கிட்டயும் கேட்டாரு. மாத்தட்டுங்கய்யான்னு நாந்தான் சொன்னேன். அதனால நீ ஒருத்தனே குத்தவாளின்னு நெனச்சுக் கொமையாத.

இந்தத் தோட்டத்து லயத்துல பொறந்து அம்புட்டுப் பெரிய எடத்துக்குப் போனவன் நீ ஒருத்தன்தான். வெடியக்காலையில பெரட்டுல வேலைக்கு வரிசையா நின்ன எங்க அப்பனும் சரி, நானும் சரி, யாரும் எங்களப் பேர் சொல்லி ஒரு புஸ்தகத்துல எழுதினதில்ல. ஒம் பேரு இருக்கு. அத நான் அழிக்க மாட்டேன். எனக்கு இனிமே என்ன தீர்ப்பு வந்து என்ன.

வாஹித்து சம்சாரம் வெளிய பெஞ்சுல ஒக்காந்திருந்துச்சு. அது மொகத்தப் பாக்காம வந்துட்டேன். அதுதான் மனசுல கெடக்கு.

பயப்படாம வேலையப் பாரு.

அப்பா

மேல்பிரிவு லயம்
10.11.2024

இந்திரஜித்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அதற்கு மூன்று நாளைக்கு முன்னால் விசாரணை முடிந்துவிட்டது. பத்திரம் வந்ததே எனக்குத் தெரியாது. உன் கடிதத்தை வாசித்த பிறகுதான் அப்பாவிடம் போய் நின்றேன். அடுப்பைக் காட்டினார். உனக்கும் எழுதிவிட்டதாகச் சொன்னார்.

அங்கே நடந்ததை உனக்கு ஒழுங்காகச் சொல்ல வேண்டும். முதலில் மச்சான் சாட்சி சொன்னார். நரம்பு இருக்கிறது, நானே அதில் துளை போட்டேன் என்றார். கம்பனி எஞ்சினியர் பார்த்துக்கொண்டிருக்க, நாளைக்கு வேலை இல்லாமல் போகலாம் என்று தெரிந்துதான் சொன்னார். அடுத்து அப்பா. இரகுநாதன் ஐயா கதிரையில் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, "ஐயா, அவசரமில்லை. அந்தக் குழிக்குள்ள வெள்ளை நரம்பு இருந்ததோ? நீங்கள் கண்ணால கண்டனீங்களோ?" என்று கேட்டார். அப்பா இல்லை என்றார். அவர் நம்பவில்லை. திரும்பவும் கேட்டார். அப்பா திரும்பவும் இல்லை என்றார். கம்பனி வக்கீல் எழும்பி, மருமகன் சொல்வதை மாமனாரே மறுக்கிறார் என்றார். அவ்வளவுதான், வழக்கு தள்ளுபடி.

வெளியே வந்ததும் ஸித்தி ஸுபைதா அப்பாவின் பின்னாலேயே வந்தார். "நானா, நீங்களும் அவரும் ஒரே மெஷினத்தானே புடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். அப்பா நிற்காமல் நடந்தார். பத்து அடிக்கு ஒரு தரம் மூச்சு வாங்க நிற்கிற மனுஷன் அன்றைக்கு பஸ் வரை நிற்கவே இல்லை. இப்போது லயத்தில் தண்ணீர்ப் பைப்புக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். மச்சான் அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசுவதில்லை. நான் இரண்டு பேருக்கும் சோறு போடுகிறேன்.

என் கோபம் எல்லாம் அப்பா மேல்தான் என்று நினைக்காதே. உன் பெயருக்காக மற்றப் பேரையெல்லாம் விற்கலாம் என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நாம் எல்லோரும்தான். நீ கொப்பியை விரித்தால் நான் விளக்கை உன் பக்கம் தள்ளி வைப்பேன். நானும் சேர்த்தி.

ஆனாலும் நீ எழுதினாய். அதை நான் மறக்கவில்லை. கடிதத்தை வாசித்தபோது அழுதேன். என் தம்பி திரும்பி வந்துவிட்டான் என்று அழுதேன்.

மேன்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கிறது. டிசம்பர் ஐந்து கடைசி. அப்பாவின் வாக்குமூலத்தைவிட உன் பத்திரத்துக்குத்தான் பலம் அதிகம் என்கிறார் வக்கீல். தபாலில் அனுப்ப வேண்டாம், அதே இரண்டு பக்கத்தைத் திரும்ப எழுதி, படம் பிடித்துப் போனுக்கு அனுப்பினாலும் போதுமாம். போனை இனிமேல் எடுப்பேன், எந்த நேரமும் எடுப்பேன். ஒருமுறை எழுதியதுதானே தம்பி, திரும்ப எழுது. அப்பாவிடம் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்,
அக்கா

சப்போரோ
15.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் மச்சானும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். அங்கே இப்போது மழைக்காலம், அப்பாவைக் குளிரில் வெளியே விடாதீர்கள். வெந்நீர் மட்டும் கொடுங்கள். எனக்குக் கொஞ்சம் தடிமன் இருந்தது, சுகமாகிவிட்டது. ரோடெல்லாம் பனி வெளுத்துக் கிடக்கிறது.

உங்கள் கடிதம் நவம்பர் கடைசியில் கிடைத்தது. வருஷ முடிவு என்பதால் இங்கே வேலை அதிகம். உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். அப்பாவின் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். அந்த உடம்போடு அவர் அவ்வளவு தூரம் போய் ஒரு முடிவு எடுத்திருக்கிறார். அவர் உயிரோடு இருக்கும்போது அவர் சொன்னதைப் பொய்யாக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

ஒரு நல்ல செய்தி. ஒப்பந்தத்தை மார்ச் வரை காக்க வைக்காமல் போன கிழமையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். அப்பாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். ஒக்சிசன் மெஷின் ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறேன். கொழும்பில் எடுத்து அனுப்ப ஒரு நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். அதோடு மச்சானுக்கு நல்ல மாஸ்க் ஒரு பெட்டியும் வைத்திருக்கிறேன். துளை போடும்போது அதைக் கழற்ற வேண்டாம் என்று கட்டாயம் சொல்லுங்கள். அந்த நரம்பின் தூசு நல்லதில்லை.

என்றும் உங்கள் நலம் விரும்பும் தம்பி,
இந்திரஜித்